ஏற்காட்டுச் சரிவுக்கு எந்த ஜாக்கி?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி வைத்திருப்பது ஒற்றை அச்சு கேம்பர் டிரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துக்கொள்ளும் வண்டி. சாமான்களோடு 1,100 கிலோ. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் நிறுத்திக் காரைக் கழற்றும்போது, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கியின் கால் வளைந்துவிட்டது. ஹேண்டிலைச் சுற்றினால் பாதி வரை ஏறி இறுகி நின்றுவிடுகிறது. "அண்ணா, ஆன்லைன்ல 3500னு போட்ட கரன்ட் ஜாக்கி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அதை மாட்டிட்டா இனி வளையாதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

வளையும் தம்பி. அந்த 3500 என்பது பவுண்டுக் கணக்கு, கிலோவில் 1,588. உங்கள் ஜாக்கியின் மேல் உட்காரும் பாரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாரம் தாங்காமல் ஜாக்கி நொறுங்குவதை முப்பது வருடப் பட்டறை வாழ்க்கையில் நான் பார்த்தது மிகக் குறைவு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பாருங்கள். கால் வளைந்திருப்பது வண்டி ஓடும் திசையில், முன்பின்னாக. கப்ளரை, அதாவது டிரெய்லரைக் காரோடு கோக்கும் பூட்டை, காரின் பின்னால் இருக்கும் குண்டிலிருந்து தூக்கிய நொடியில் டிரெய்லர் ஒரு சாண் உருண்டிருக்கிறது, மண்ணில் ஊன்றிய கால் அங்கேயே நின்றிருக்கிறது. ஜாக்கியில் எழுதியிருக்கும் எடை நேர் மேலிருந்து இறங்கும் பாரத்துக்கானது. பக்கவாட்டில் தள்ளினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், எனக்கு அப்போது கொஞ்சம் திமிரான வயசு, சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கல்லை வைத்துவிட்டுக் கப்ளரைத் தூக்கினேன். காலையில் பெய்த மழையில் கல் வழுக்கியது. புது ஜாக்கி, மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அரிவாள் மாதிரி வளைந்தது. கைப்பிடி என் முழங்காலுக்கு நாலு விரல் தள்ளிப் போனது. அன்றிலிருந்து எங்கள் லாரி கிளீனர்கள் செய்வதைத்தான் செய்கிறேன். வண்டி நின்றதும் பேச்சே இல்லை, முதலில் சக்கரத்துக்குக் கட்டை.

சரி, ஜாக்கிக்கு வருவோம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், முன்பாரம் பின்பாரம் என்பார்கள். பாரம் பின்னால் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தைப் பிடிக்கும். முன்னால் ஏறினால் மாடு குனிந்தே நடக்கும். மாட்டை அவிழ்த்ததும் முன்பக்கம் மண்ணில் சாயாமல் இருக்க ஒரு முட்டுக் கொடுப்பார்கள். டிரெய்லர் ஜாக்கியும் அந்த முட்டுதான், திருகு வைத்த முட்டு. ஆகவே முதலில் தெரியவேண்டியது உங்கள் வண்டியின் முன்பாரம், அதாவது கப்ளரில் இறங்கும் எடை.

அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் இருக்கட்டும் என்கிறார்கள். ஐரோப்பியக் கேரவன்காரர்கள் 5 முதல் 7 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள். இதற்கும் குறைந்து பின்பாரமானால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். அது ஜாக்கிப் பிரச்சினையை விடப் பெரிய பிரச்சினை. உங்கள் 1,100 கிலோவுக்கு 110, 130 என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். குளியலறை எடைமேடை போதும். பெரும்பாலானவை 150 கிலோ வரைதான் காட்டும் என்பதால் ஒரு வழி சொல்கிறேன். ஒரு கெட்டிப் பலகையின் ஒரு முனையை எடைமேடை மேலும் மறுமுனையை அதே உயரத்தில் ஒரு குழாய்த் துண்டின் மேலும் வையுங்கள். கப்ளரைத் தாங்கும் கட்டை, குழாயிலிருந்து 1 அடியிலும் எடைமேடையிலிருந்து 2 அடியிலும் நிற்கவேண்டும். மேடை காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். பலகை மட்டும் இருக்கும்போது என்ன காட்டியது என்பதை முதலில் கழித்துவிடுங்கள். வண்டி மட்டமாக நிற்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் பயணத்தில் இருக்கிற மாதிரியே இருக்கவேண்டும். முன்னால் பெட்டி கட்டி 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியை அதில் வைத்திருக்கிறீர்களா? அது ஒன்றே 50 கிலோவுக்கு மேல். ஏறத்தாழ மொத்தமும் முன்பாரத்தில்தான் விழும்.

ஜாக்கி கப்ளருக்குச் சற்றுப் பின்னால், அச்சுக்குக் கிட்டே இருப்பதால் அதன் மேல் வரும் பாரம் கொஞ்சம் கூடும். அச்சிலிருந்து கப்ளர் 3.5 மீட்டரிலும் ஜாக்கி 3 மீட்டரிலும் இருந்தால் கப்ளரில் 130 கிலோ, ஜாக்கியில் சுமார் 150. நீங்கள் உள்ளே முன்பக்கக் கட்டிலில் உட்கார்ந்தால் இன்னும் ஏறும். எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு இடம் விட்டாலும் 450 கிலோ. சந்தையில் 1000 பவுண்டு, 2000, 3500, 5000 என்று படிப்படியாகக் கிடைக்கும். 1000 பவுண்டு என்பது 454 கிலோ, உங்களுக்கு அதுவே விளிம்பில் போதும். நான் 2000 வாங்கச் சொல்வேன், 907 கிலோ. அதற்குக் காரணம் பாரம் இல்லை. 1000 பவுண்டு ஜாக்கிகளில் குழாய்ச் சுவர் மெலிசு, உங்கள் மாதிரி ஒரு தடவை தப்பு நடந்தால் மன்னிக்காது. 3500 வாங்கினால் நஷ்டமா என்றால், மோட்டாரோடு சேர்த்து அந்த ஜாக்கியே பத்துப் பதினைந்து கிலோ முன்பாரத்தைக் கூட்டும். அவ்வளவுதான் லாபம்.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் ஏற்காட்டில் நிறுத்துபவர் முதலில் கேட்கவேண்டிய விஷயம். நீளம்.

மட்டத் தரையில் உங்கள் டிராபாரின், அதாவது கப்ளர் வரை நீளும் முன்சட்டத்தின், அடிப்பக்கம் தரையிலிருந்து 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து ஜாக்கி 3 மீட்டர். பத்துக்கு ஒன்று சரிவு, அதாவது 10 அடி நடந்தால் 1 அடி இறக்கம். தோட்டத்துப் பாதைகளில் இது சாதாரணம், கண்ணுக்குச் சரிவு என்றே தோன்றாது. அந்த 3 மீட்டரில் 30 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் உள்ளே மட்டமாகப் படுக்க ஜாக்கி 75 செ.மீ. நீளவேண்டும். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் 15 செ.மீ.க்குச் சுருங்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே 60 செ.மீ. வீச்சு. சாதாரண ஜாக்கியின் திருகு ஓடுவது 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. எத்தனை டன் தாங்கினால் என்ன, எட்டவே எட்டாது. அதனால்தான் ஆட்கள் கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் ஜாக்கியை நிறுத்துகிறார்கள். ஒரு கல் புரண்டால் கதை முடிந்தது.

இதற்கு மருந்து, கால் தனியாக இறங்கும் ஜாக்கி. பின்னை உருவினால் உட்கால் சரசரவென்று 20, 25 செ.மீ. கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் பின்னைக் குத்திவிட்டுத் திருகவேண்டியதுதான். 38-ம் 25-ம் 63. வீச்சு வந்துவிட்டது. வாங்கும்போது இன்னொரு அளவையும் கேளுங்கள்: ப்ராக்கெட்டுக்கு, அதாவது ஜாக்கியை டிராபாரில் பிடிக்கும் தகட்டுக்கு, கீழே வெளிக்குழாய் எவ்வளவு தொங்குகிறது? அது 25 செ.மீ. தொங்கினால் உட்காலை எவ்வளவு மேலே இழுத்தாலும் 15-க்கு வராது. மூக்கு மேடாகவே நிற்கும், ராத்திரி ரத்தம் காலுக்கு ஓடும். ப்ராக்கெட் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கிற மாடலாகப் பாருங்கள். இந்த அளவைப் பல கடைக்காரர்கள் விளம்பரத்தில் போடுவதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள், ஆன்லைன் என்றால் கேட்டு வாங்குங்கள்.

என் வழக்கம் என்னவென்றால், முடிந்தவரை சரிவுக்குக் குறுக்கே நிறுத்துவேன். கீழ்ப்பக்கச் சக்கரத்தின் அடியில் பலகை கொடுத்தால் மட்டம் வந்துவிடும், வண்டி உருளவும் வழியில்லை, ஜாக்கிக்கும் வேலை குறைவு. ஆனால் சக்கர இடைவெளி 1.6 மீட்டர் என்றால் மேலே சொன்ன அதே சரிவுக்கு 16 செ.மீ. பலகை வேண்டும். அதற்குமேல் போனால் அந்த இடமே வேண்டாம், வேறு இடம் தேடுங்கள்.

பொருத்துவது எப்படி என்பது உங்கள் வண்டியைப் பொறுத்தது. குனிந்து பாருங்கள். கப்ளருக்குப் பின்னால் இரண்டு சேனலும் கூடும் இடத்தில் ஒரு தகடு, நடுவே பெரிய ஓட்டை, சுற்றி முக்கோணமாக மூன்று போல்ட் இருந்தால் அது அமெரிக்க பாணி. அதில் குழாய் 2 அங்குலமா 2¼ அங்குலமா என்பதை வெர்னியரில் அளங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஒரு கவ்வி இருந்து அதில் குழாய் நழுவி ஏறி இறங்கினால் அது ஐரோப்பிய, ஆஸ்திரேலிய பாணி, அல்கோ கம்பெனி ஜாக்கி மாதிரி. 48 மி.மீ. குழாய்தான் அதில் அதிகம். மூன்றாவது, பக்கத்தில் திருகித் தொங்கி, பின்னை இழுத்தால் படுத்துக்கொள்ளும் மடக்கு ஜாக்கி. பார்க்க வசதி, ஓடும்போது தரையில் இடிக்காது. ஆனால் அந்தச் சுழலும் மூட்டில் காலப்போக்கில் ஆட்டம் விழும். சரிவில் நிறுத்துபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நடு ஓட்டையில் நேராக இறங்கி மூன்று போல்ட்டில் பிடிக்கும் ஜாக்கிதான் பக்கத்தள்ளலைச் சற்றாவது தாங்கும்.

கைப்பிடி மேலே சுற்றுவதா, பக்கத்தில் சுற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில். முதுகு வளையாது, பல்சக்கரம் இடையில் இருப்பதால் பலமும் அதிகம் வேண்டாம், சுற்றுகள்தான் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை, உங்களுடையது பின்கதவில் ஸ்பேர் வீல் தொங்கும் கார். ஜாக்கியின் தலை உயரமாக இருந்தால் டிரெய்லர் கோத்த நிலையில் கதவு திறக்காது. அதைவிட முக்கியம், அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். காரும் டிரெய்லரும் மடிந்து திரும்பும்போது ஸ்பேர் வீலுக்கும் ஜாக்கித் தலைக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று, வீட்டு முன்னால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தே ஜாக்கி வாங்குங்கள். ஒரு கை அகலம் இல்லையென்றால் கைப்பிடியைக் கழற்றி வைக்கும் மாடல் வேண்டும். மழையில் மண்சரிந்து வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டாலும் வளைவுகள் வளைவுகள்தான்.

கரன்ட் ஜாக்கி மோசம் என்று நான் சொல்லவில்லை. முன்பாரம் 300 கிலோ இருக்கிற பெரிய வண்டிக்கும், தோள்வலி உள்ளவருக்கும் அது வரம். உங்களுக்கு அது கூடுதல் தலைவலி. 12 வோல்ட்டில் பாரத்தோடு தூக்கும்போது 20, 30 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ், குறைந்தது 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வேண்டும். எர்த் டிராபார் வழியாகவே போவதால் போல்ட் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெள்ளி தெரியவேண்டும். சுரண்டாமல் மாட்டிவிட்டு "மோட்டார் டெட்" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ராத்திரி முழுக்க நனைந்தால் சுவிட்சுக்குள் ஈரம் இறங்கும். இவ்வளவையும் மீறி வாங்கினால், கையால் சுற்றும் வழி இருக்கிறதா, அந்தக் கைப்பிடி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்கு உதிரி கேட்டால் சேலத்தில் கையை விரிப்பார்கள். கைத்திருகு ஜாக்கி என்றால், டிராக்டர் டிரெய்லர் வேலை செய்கிற எந்தப் பட்டறையும் பார்த்துவிடும்.

அடியில் சக்கரமா, தட்டா? சேலத்தில் வீட்டு போர்ட்டிகோவில் டிரெய்லரைத் தள்ளி ஓரங்கட்ட சக்கரம் நல்லது. மலையில் சக்கரம் வேண்டவே வேண்டாம், உருள்வதற்கென்றே பிறந்தது அது. தட்டு, அதுவும் அகலத் தட்டு. கணக்கைப் பாருங்கள். 150 கிலோவை 5 செ.மீ. குழாய் முனையில் நிறுத்தினால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏழரை கிலோ, மழை ஊறிய செம்மண்ணில் ஆணி மாதிரி இறங்கும். 15-க்கு 15 தட்டில் 0.67 கிலோ. அதன் அடியில் 30-க்கு 30 வேம்பு அல்லது தேக்குப் பலகை போட்டால் 0.17. சில்வர் ஓக் நிழலில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அதை ஒதுக்கி மண் தெரிந்த பிறகு பலகை. சருகின்மேல் வைத்தால் பலகையே வழுக்கும். தட்டும் சக்கரமும் மாற்றி மாற்றிப் பின்னில் மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது, அதை வாங்கினால் இரண்டு கவலையும் தீர்ந்தது.

பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். வளைந்த உட்காலை நிமிர்த்திப் போடவேண்டாம். நிமிர்த்திய குழாய் அதே இடத்தில் மறுபடி மடியும். ஆனால் ஜாக்கி வளையாமல் வேறு கோளாறு வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கைப்பிடி சும்மா சுற்றுகிறது, கால் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன பின் அறுந்திருக்கும். மூடியைக் கழற்றிப் பின் மாற்றினால் தீர்ந்தது. மரை தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கன்மெட்டல் நட்டு கடைந்து தருவார்கள். போன மாதம் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்த ஜாக்கியில் மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ், பழைய புளி மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, லித்தியம் கிரீஸ் போட்டு, நாலு தடவை முழுக்க ஏற்றி இறக்கினேன். ஒரு விரலால் சுற்றுகிறது. அவர் புது ஜாக்கிக்கே ஆர்டர் போட்டிருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கிரீஸ் பாருங்கள்.

புது ப்ராக்கெட் வெல்டிங் வைக்கவேண்டி வந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். டிராபார் கால்வனைஸ் செய்தது என்றால் அந்த இடத்தில் துத்தநாகத்தை முழுக்க கிரைண்டரில் எடுத்தபிறகே பற்ற வைக்கவேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்து நடுங்கும், எனக்கு வந்திருக்கிறது. பிறகு மேலே ஜிங்க் பெயின்ட். முடிந்தால் வெல்டிங்கே வேண்டாம், 8.8 கிரேடு போல்ட்டும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போதும்.

மாட்டியபிறகு கழற்றும் வரிசை இதுதான். காரில் ஆள் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். டிரெய்லர் ஹேண்ட்பிரேக். இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, ஆக மொத்தம் நாலு. பலகை போட்டு, ஜாக்கிக் காலை இறக்கி, பின்னைக் குத்துங்கள். கப்ளர் கொக்கியைத் திறந்து, குண்டிலிருந்து இரண்டு விரல் மேலே தூக்கி, அப்படியே ஒரு நிமிடம் நில்லுங்கள். வண்டி கட்டையில் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். அசையவில்லை என்று தெரிந்த பிறகே சேஃப்டி செயினைக் கழற்றுங்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் டிராபாருக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கத்தில் நின்று சுற்றுங்கள். நாலு மூலையிலும் இருக்கிற ஸ்டாண்டுகள் ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். அவற்றை வைத்து வண்டியைத் தூக்கப் பார்த்தால் அடுத்த கேள்வியோடு வருவீர்கள்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் பட்டறையில்தான் இருப்பேன். வரும்போது வளைந்த ஜாக்கியை அந்தத் தகட்டோடு கழற்றிக் கொண்டு வாருங்கள். மூன்று ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் போனில் சொல்லி எனக்குப் புரியவைக்க முடியாது.